கனடாவிலிருந்து வந்த டக்ற் ஃபேர்னஸ்: முருங்கையிலை காயவைக்கப் பூட்டலாமா?

முருங்கையடி, உடுவில்

எல்லோருக்கும் வணக்கம். காஸ் வேலை தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து கெதியாகப் பதில் போடுங்கள்.

உடுவிலில் சின்னதாக ஓர் உணவு பதனிடும் நிலையம் நடத்துகிறேன். முருங்கையிலைப் பொடி, பாவற்காய் வற்றல், மோர்மிளகாய், வேப்பம்பூ வடகம். என்னோடு ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள். வெயில் காலத்தில் கவலையில்லை, முற்றத்தில் தட்டுகளைப் பரப்பினால் போதும். ஐப்பசியில் மழை இறங்கினால் தை வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். போன மாரிக்குப் பூஞ்சணம் பிடித்து எறிந்த இலை மட்டும் மூன்று சாக்கு.

அதனால் ரொறன்ரோவில் இருக்கும் அத்தான் கொண்டெயினரில் ஒரு டக்ற் ஃபேர்னஸ் அனுப்பினார், டக்ற் என்ற தகரக் காற்றுக்குழாயில் பூட்டிக் காஸால் காற்றைச் சூடாக்கும் சாமான். அங்கே ஒரு விருந்து மண்டபத்தைத் திருத்திக் கட்டும்போது கழற்றின பழைய சாமான். தகட்டில் மணித்தியாலத்துக்கு 100,000 பி.ரி.யு (சூட்டின் அளவு) என்று இருக்கிறது. அதற்குக் காற்று அடித்த புளோவரும் கூடவே வந்தது.

தகரவேலை செய்யும் பாஸ் ஒருவர் டக்ற் அடித்துப் பூட்டித் தந்தார். ஒழுங்கு இப்படி: பொதி செய்யும் அறையின் மூலையில் ஃபேர்னஸ். அதிலிருந்து டக்ற் சுவரைத் துளைத்துக் காயவைக்கும் அறைக்குப் போகிறது. புளோவர் சுவரில், அந்த அறைக்குள் நுழையும் இடத்தில். ஃபேர்னஸ் வழியாகக் காற்றை இழுத்து உள்ளே தள்ளுகிறது. புகைக்குழாய் மேலே போய்க் கூரைச் சீற்றுக்கு ஒரு அடி கீழே நிற்கிறது. சீற்றை வெட்டினால் ஒழுகும் என்று பாஸ் விட்டுவிட்டார். 12.5 கிலோ சிலிண்டர் ஃபேர்னஸுக்குப் பக்கத்திலேயே, சமையல் அடுப்பு ரெகுலேற்றரோடு.

மூன்று நாள் ஓட்டிப் பார்த்தோம். நெருப்பு நீலமாக இல்லை, மஞ்சளாக ஆடுகிறது. கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்து திரும்பப் பற்றும். பாஸ் பார்த்துவிட்டு, ஒரு சின்னச் சுவிட்ச் பழுது என்று சொல்லி அதன் இரண்டு காலையும் ஒரு நீல வயரால் இணைத்துவிட்டார். அதற்குப் பிறகு அணையவில்லை. காலையில் மாட்டின சிலிண்டர் மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது, வெளிப்பக்கம் வியர்த்து ஐஸ் மாதிரிக் குளிர்ந்து இருந்தது. தட்டில் இலைக்கு மேல் விரித்த வெள்ளைத் துணியில் மிளகுத்தூள் தூவினது மாதிரிக் கறுப்புப் பொட்டுகள். மூன்றாம் நாள் பொதி செய்த இரண்டு பிள்ளைகளுக்குத் தலையிடி, கண் எரிச்சல். வெளியே கிணற்றடியில் போய் இருந்ததும் சரியாகிவிட்டது. மிளகாய் நெடிக்காகப் பூட்டின எக்ஸோஸ்ட் ஃபானும் அந்த அறையில் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அதனால் புகை தங்கியிருக்காது என்றுதான் நினைத்தேன்.

இப்போது நிறுத்தி வைத்திருக்கிறேன். என்ன பிழை, எப்படித் திருத்துவது?

ஸ்காபரோ காஸ் வேலை

தங்கச்சி, மிச்சத்தை ஆறுதலாக வாசியுங்கள். முதலில் போய் சிலிண்டரை மூடி, ரெகுலேற்றரைக் கழற்றி, சிலிண்டரை வெளியே எடுத்து வையுங்கள். அந்த நீல வயரையும் பிடுங்கி எறியுங்கள். நானோ வேறு யாரோ என்ன சொன்னாலும் அது திரும்ப ஏறக் கூடாது.

நான் ஒன்ராறியோவில் ஜி2 லைசென்ஸோடு இந்த வேலைதான் செய்கிறேன், 400,000 பி.ரி.யு வரையிலான காஸ் சாமான்களுக்கு. கடைத்தொகுதி, மண்டபம், பள்ளிக்கூடம் என்று நிறைய டக்ற் ஃபேர்னஸ் பூட்டியிருக்கிறேன், அதைவிடக் கூடக் கழற்றியிருக்கிறேன். உங்கள் பிள்ளைகளுக்கு வந்த தலையிடி, வெளியே போனதும் சரியாகிற தலையிடி, கார்பன் மொனொக்சைட்டின் அடையாளம். அதற்கு மணமில்லை, நிறமில்லை. கண் எரிச்சல் கூட வந்ததால்தான் நீங்கள் கவனித்தீர்கள்.

டக்ற் ஃபேர்னஸ் என்ற சாமானின் குணத்தை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். இதற்குச் சொந்தக் காற்று இல்லை. வீட்டு ஃபேர்னஸுக்குள் புளோவர் கூடவே இருக்கும், இதற்குள் இருப்பது பேர்னரும் குழாய்க்கூடும் மட்டும். நெருப்பும் புகையும் குழாய்களுக்கு உள்ளே, நல்ல காற்று குழாய்களுக்கு வெளியே. இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. அந்த நல்ல காற்றை இன்னொரு புளோவர் அனுப்ப வேண்டும். அது எந்தப் பக்கம் இருந்து, எவ்வளவு அனுப்புகிறது என்பதில்தான் ஆபத்தெல்லாம் இருக்கிறது.

புளோவர் ஃபேர்னஸுக்கு முன்னால் இருந்து காற்றைத் தள்ள வேண்டும், பின்னால் இருந்து இழுக்கக் கூடாது. தயாரிப்பாளர்களின் பூட்டும் புத்தகங்களில் முதல் பக்கங்களிலேயே இது இருக்கும். காரணம் லேசானது. குழாயில் நூலளவு வெடிப்பு வந்தாலும், தள்ளுகிற காற்று அந்த வெடிப்பால் உள்ளே போய்ப் புகையைப் புகைக்குழாயால் வெளியேற்றும். இழுக்கிற காற்று புகையை உங்கள் பக்கம் உறிஞ்சும். ஒரு கடைத்தொகுதியில் இப்படித் தலைகீழாகப் பூட்டினதை நான் பார்த்திருக்கிறேன். வருடக்கணக்காக ஓடியிருக்கிறது. குழாய் நல்லாக இருந்தவரை யாருக்கும் தெரியவில்லை. குழாய் வெடித்த குளிர்காலத்தில் அங்கே நின்ற காசாளர் பெண் ஒவ்வொரு பின்னேரமும் வாந்தி எடுத்திருக்கிறார்.

உங்கள் பாஸ் பழுது என்று சொன்ன சுவிட்ச் லிமிற் சுவிட்ச். காற்றுக் குறைந்து குழாய்க்கூடு அளவுக்கு மேல் சுட்டால் காஸை வெட்டுவதற்கு இருக்கிற சுவிட்ச். அது பழுதில்லை. தன் வேலையைச் செய்திருக்கிறது. அதை இப்படி வயரால் இணைத்துவிட்டால், புளோவர் நின்றாலோ அதன் பெல்ற் அறுந்தாலோ நெருப்பு மட்டும் எரிந்துகொண்டிருக்க வழி பிறந்துவிடும். லிமிற் சுவிட்ச் போதாது என்றுதான் நாங்கள் இன்னொன்றும் போடுவோம்: டக்றில் காற்று உண்மையிலேயே ஓடுகிறதா என்று அழுத்தத்தைப் பார்த்துச் சொல்லும் சுவிட்ச். அது சம்மதிக்காமல் காஸ் வால்வு திறக்காது. புளோவர் சுவிட்ச் போட்டிருக்கிறது என்பதும் காற்று ஓடுகிறது என்பதும் ஒன்றல்ல.

அடுத்தது மஞ்சள் நெருப்பு. தகட்டை வடிவாகப் பாருங்கள். இயற்கை வாயு என்று எழுதி, மனிஃபோல்ட் அழுத்தம், அதாவது பேர்னருக்குப் போகும் காஸின் அழுத்தம், 3.5 அங்குல நீர் என்று போட்டிருக்கும் என்று நினைக்கிறேன். கனடாவில் தெருக்குழாயில் வருவது அது. இலங்கையில் சிலிண்டரில் வருவது புறொப்பேனும் பியூற்றேனும் கலந்த எல்பி காஸ். ஒரு கன அடி இயற்கை வாயுவில் ஏறத்தாழ 1,000 பி.ரி.யு சூடு, புறொப்பேனில் 2,500, பியூற்றேனில் அதைவிடக் கூட. அதே ஜெற்றால் (பேர்னருக்குக் காஸ் வரும் சின்னத் துளை) எல்பி காஸை விட்டால் ஒன்றரை மடங்குக்கு மேல் எரியும், அதற்குக் காற்றுப் போதாமல் மஞ்சளாகிக் கரி கக்கும், மொனொக்சைட் வரும். புறொப்பேனுக்கு மாற்ற அந்த மொடலுக்கென்று தயாரிப்பாளர் தரும் ஜெற்றும் ஸ்பிரிங்கும் போட்டு, 10 அங்குலத்துக்குச் சரிசெய்து, புகையை மீற்றரால் அளந்து பார்க்க வேண்டும். பியூற்றேன் கூடின கலவையென்றால் அதிலும் பத்தில் ஒரு பங்கு வரை கூடுதலாக எரியும் என்று கணக்கில் வைக்க வேண்டும். ஊசியால் ஜெற்றைத் துளைத்துப் பெருப்பிப்பதோ அடைத்துச் சிறுப்பிப்பதோ வேண்டாம்.

புகைக்குழாய் கூரைக்குக் கீழே நின்றால் அது புகைக்குழாயே அல்ல. அதோடு உங்கள் எக்ஸோஸ்ட் ஃபான் அறைக்காற்றை வெளியே இழுக்கிறது, அதை ஈடுசெய்ய வேறு வழியில்லாமல் காற்று புகைக்குழாய் வழியாகத் திரும்பி இறங்குகிறது. புகையை வெளியேற்றும் என்று நீங்கள் நம்பின ஃபான்தான் புகையை அறைக்குள் இறக்கியிருக்கிறது.

இனி ஒரு காரியம் செய்து பாருங்கள், செலவில்லை. இரவில், காஸ் இல்லாமல், லைற்றெல்லாம் அணைத்துவிட்டு, பேர்னரைக் கழற்றி ஒவ்வொரு குழாய்க்குள்ளும் நல்ல ரோர்ச் ஒன்றைப் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் டக்ற் பக்கம் தலையை வைத்துப் பாருங்கள். ஒரு கீற்று வெளிச்சம்கூடத் தெரியக் கூடாது. அந்தக் கறுப்புப் பொட்டுகள் அறைக்காற்றோடு வந்திருக்கலாம், குழாய் வெடிப்பால் வந்திருக்கலாம். ரோர்ச் சொல்லிவிடும்.

அத்தானிடம் ஒன்று கேளுங்கள்: அந்த மண்டபத்தில் ஏசியின் காற்றைக் குளிராக்கும் சுருள் ஃபேர்னஸுக்கு முன்னால் இருந்ததா?

கோண்டாவில் மோட்டார் வைண்டிங்

அண்ணை காஸ் பக்கம் சொல்லிவிட்டார். அக்கா, நான் கரண்ட் பக்கம் சொல்கிறேன்.

கனடாவிலிருந்து வந்த புளோவர் மோட்டர் 115 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். நீங்கள் ஒரு ட்ரான்ஸ்ஃபோமர் வைத்து 230ஐ 115 ஆக்கியிருப்பீர்கள். ட்ரான்ஸ்ஃபோமர் வோல்ற்றை மாற்றும், ஹேர்ட்ஸை மாற்றாது. எங்கள் கரண்ட் 50 ஹேர்ட்ஸ். தகட்டில் 1725 சுற்று என்று போட்ட மோட்டர் இங்கே ஏறத்தாழ 1440தான் சுற்றும். காற்றும் அதே விகிதத்தில் குறையும், ஆறில் ஒரு பங்கு போய்விடும். மோட்டரும் கூடச் சுடும். கொண்டெயினரில் வந்த எத்தனையோ மோட்டர்களை எரிந்த பிறகுதான் என்னிடம் கொண்டுவருகிறார்கள்.

இன்னொன்று. இந்த மாதிரி ஃபேர்னஸ்களில் நெருப்பு எரிகிறதா என்பதை ஒரு கம்பி நெருப்புக்குள் நின்று பார்க்கும். அதற்கு எர்த் ஒழுங்காக இருக்க வேண்டும், லைனும் நியூட்ரலும் மாறக் கூடாது. சில கட்டடங்களில் எர்த் கம்பி மூன்று பின் ப்ளக் வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிடுகிறது, நிலத்துக்குப் போவதில்லை. அதையும் பார்ப்பியுங்கள்.

கரண்ட் போய் வந்தால் ஃபேர்னஸ் தானாகப் பற்றக் கூடாது. கொன்ராக்ரர் (கரண்ட் போனால் தானாக விடுபடும் சுவிட்ச்) ஒன்று போட்டு, ஆள் வந்து பச்சைப் பொத்தானை அமத்தினால்தான் எல்லாம் தொடங்கும்படி வைத்தால் நல்லது. ஆளில்லாத அறையில் நெருப்பு தன்பாட்டில் எரியத் தொடங்குவதை நான் விரும்ப மாட்டேன்.

மானிப்பாய் பேக்கரி

பாண் போறணை காஸில் ஓடுகிறவன் என்ற முறையில் ஒரு சொல். சிலிண்டரை உள்ளே வைக்காதீர்கள். எல்பி காஸ் காற்றைவிடப் பாரம், கசிந்தால் மேலே போகாது, தண்ணீர் மாதிரி நிலத்தில் படுத்து வாய்க்காலுக்குள் இறங்கும். எங்களுக்கு ஒருமுறை மணம் வந்தது போறணைக்குப் பக்கத்தில் அல்ல, பத்து அடி தள்ளி, தண்ணீர் போகிற கானுக்குள். குனிந்தால்தான் மணக்கும். அன்று ஒரு தீக்குச்சி விழுந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

நாங்கள் வெளியே கம்பிக்கூடு அடித்து, கானுக்கும் கிணற்றுக்கும் தள்ளி, 37.5 கிலோ சிலிண்டர் இரண்டை இணைத்து வைத்திருக்கிறோம். உங்கள் சிலிண்டர் வியர்த்துக் குளிர்ந்தது, அதால் கொடுக்கக்கூடிய அளவைவிடக் கூட இழுத்ததால். 2021 கடைசியில் நாடு முழுக்க அடுப்புகளும் சிலிண்டர்களும் வெடித்து, கலவை மாறினதுதான் காரணம் என்ற பேச்சு வந்த பிறகு, நான் ஒவ்வொரு சிலிண்டர் மாற்றும்போதும் மூட்டுகளுக்குச் சவர்க்கார நுரை பூசிப் பார்க்காமல் பற்றவைப்பதில்லை.

முருங்கையடி, உடுவில்

எல்லோருக்கும் நன்றி. சிலிண்டர் அன்றைக்கே வெளியே போய்விட்டது, நீல வயரும் போய்விட்டது.

நேற்று இரவு ரோர்ச் பிடித்துப் பார்த்தோம். மகன் பேர்னர் பக்கம், நான் டக்றுக்குள் தலையை விட்டுக்கொண்டு. நாலாவது குழாய்க்கு வரும்வரை கும்மிருட்டு. நாலாவதில், வளைவில், ஒரு கோடு. விரல் நீளம் இருக்கும். மயிர் மாதிரி மெல்லிசு, ஆனால் வெளிச்சம் வடிவாகத் தெரிந்தது. கையால் தடவினால் அந்த இடத்தில் துரு உதிர்கிறது, விரலெல்லாம் செம்மண் பூசின மாதிரி. என் பிள்ளைகள் மூன்று நாள் அந்தக் காற்றைச் சுவாசித்தார்கள் என்று நினைக்க எனக்கு இரவு முழுக்க நித்திரை வரவில்லை. இரண்டு பேரையும் இன்று வைத்தியரிடம் காட்டினேன், ஒன்றுமில்லை என்றார்.

அத்தானிடம் கேட்டேன். அண்ணை சொன்னது சரி, ஏசி சுருள் முன்னால்தான் இருந்ததாம்.

தகட்டிலும் இயற்கை வாயு, 3.5 அங்குலம். வெப்ப உயர்வு 30 முதல் 80 ஃபாரன்ஹைற் வரை என்று இன்னொரு வரி இருக்கிறது, அது எனக்கு விளங்கவில்லை. பாஸ் அந்த வெடிப்பைப் பற்றவைத்துத் தரலாம் என்கிறார். செய்யலாமா? ஒரு நாளைக்கு நாங்கள் காயவைப்பது 40 கிலோ பச்சை இலை, அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. இலைக்கு 50 பாகை செல்சியஸுக்கு மேல் போனால் நிறம் செத்துவிடும்.

ஸ்காபரோ காஸ் வேலை

வேண்டாம் தங்கச்சி. பற்றவைக்கவே வேண்டாம். அந்தக் குழாய் மெல்லிய தகடு, மேலே அலுமினியப் பூச்சு. பற்றவைத்தால் பூச்சு எரிந்துபோகும், பக்கத்தில் இன்னொரு இடம் இழுபட்டு வெடிக்கும். இங்கே வெடித்த குழாய்க்கூடு கண்டால் நாங்கள் காஸை மூடிச் சிவப்பு அட்டை கட்டிவிட்டு வருவோம், திருத்துவதில்லை. ஏசி சுருளால் குளிர்ந்த காற்று கோடை முழுக்க அந்தக் குழாய்க்கு மேலால் போய், உள்ளே ஈரம் வேர்த்து, உள்ளிருந்து துருப்பிடித்திருக்கிறது. சுருளுக்குப் பின்னால் வைப்பதென்றால் துருப்பிடிக்காத எஃகுக் குழாயும் தண்ணீர் வடிய வழியும் வேண்டும். அந்த மண்டபத்தில் பூட்டினவர்கள் அதைச் செய்யவில்லைப் போலிருக்கிறது.

வெப்ப உயர்வு என்பது உள்ளே போகிற காற்றுக்கும் வெளியே வருகிற காற்றுக்கும் உள்ள வித்தியாசம். கணக்கைப் பாருங்கள். 100,000 எரித்தால் காற்றில் சேர்வது ஏறத்தாழ 80,000. நிமிடத்துக்கு 1,200 கன அடி காற்று ஓடினால் 62 பாகை ஃபாரன்ஹைற் ஏறும். கோண்டாவில் தம்பி சொன்ன மாதிரி 50 ஹேர்ட்ஸில் காற்று 1,000 ஆகக் குறைந்தால் 74 ஏறும், அது 41 செல்சியஸ். யாழ்ப்பாணத்துக் காற்றே 30 என்றால் டக்றால் வருவது 70ஐத் தாண்டும். இது சரியான ஜெற் போட்டிருந்தால். உங்களுக்கு அதைவிடக் கூட எரிந்தது, தட்டுகளும் துணியும் காற்றை மறித்தன. லிமிற் சுவிட்ச் அணைத்ததில் அதிசயம் என்ன.

நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டியது உங்கள் 40 கிலோவைத்தான். 40 கிலோ பச்சை முருங்கையிலையில் போக வேண்டிய தண்ணீர் 30 கிலோ அளவு. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2.4 மெகாஜூல், மொத்தம் 72. தட்டில் காயவைக்கும்போது மூன்றில் ஒரு பங்கு சூடுதான் தண்ணீருக்குப் போகும் என்று வைத்தாலும் 200 சொச்சம். எட்டு மணித்தியாலத்துக்குப் பிரித்தால் ஏழரை கிலோவற், மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 25,000 பி.ரி.யு. உங்களுக்கு வந்தது நாலு மடங்கு பெரிய சாமான். நாளைக்கு நாலரை, ஐந்து கிலோ காஸ் போதும் உங்களுக்கு.

ஆகவே எல்பி காஸுக்கென்றே செய்த, 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ், 8 கிலோவற் அளவிலான, குழாய்க்கூடு உள்ள ஹீற்றர் ஒன்று தேடுங்கள். நெருப்புப் புகையை நேரே காற்றோடு கலந்து அனுப்பும் மலிவான வகை வேண்டாம், இது சாப்பாட்டுச் சாமான். உணவு காயவைக்க இதைப் பாவிக்கலாம் என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். கட்டடம் சூடாக்கச் செய்தவற்றுக்கு உள்ளே போகும் காற்றின் சூட்டுக்கு எல்லை உண்டு, அறையின் ஈரச் சூட்டுக்காற்றைத் திருப்பி அதற்குள் விட்டால் கெடும். வெளிக்காற்றை எடுங்கள்.

ஹீற்றரை வெளியே தாழ்வாரத்தில் வையுங்கள், பொதி அறையில் வேண்டாம். முதலில் புளோவர், பிறகு இரண்டடியாவது நேரான டக்ற், பிறகு ஹீற்றர், பிறகு அறை. நேரான டக்ற் இல்லாவிட்டால் காற்று ஒரு பக்கமாகப் போய் மறுபக்கக் குழாய் சிவக்கும். ஹீற்றருக்கு முன்னும் பின்னும் டக்றில் கழற்றிப் பூட்டுகிற கதவு வைக்கச் சொல்லுங்கள், அடுத்த வருடம் ரோர்ச் பிடிக்க வேண்டும். தனித்தகட்டுப் புகைக்குழாய் என்றால் பனஞ்சிலாகையிலிருந்து 18 அங்குலம் தள்ளி, சீற்றைத் தாண்டி மேலே போய், தொப்பி போட்டு நிற்க வேண்டும். ஒழுகாமல் தகரக் கழுத்து வைக்கப் பாஸுக்குத் தெரிந்திருக்கும். ஓடத் தொடங்கி ஐந்து நிமிடத்தில், புகை மேலே போக ஹீற்றரில் திறந்த வாய் இருந்தால், அதன் பக்கத்தில் ஓர் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை உள்ளே இழுபட வேண்டும். வெளியே தள்ளினால் உடனே மூடுங்கள்.

மொனொக்சைட் அலாரம் இரண்டு வாங்குங்கள், இரண்டு அறையிலும் மூச்சு விடும் உயரத்தில். காஸ் கசிவு அலாரம் நிலத்துக்குப் பக்கத்தில். இரண்டும் வேறு வேறு சாமான், கடையில் மாற்றித் தருவார்கள், பெயரை வாசித்து வாங்குங்கள்.

டக்ற் அடிக்க முன் ஒரு படம் கீறி இங்கே போடுங்கள். காற்றுப் போகிற பக்கத்துக்கு அம்புக்குறி போட மறக்க வேண்டாம்.

முருங்கையடி, உடுவில்

நாளைக்குக் கீறிப் போடுகிறேன் அண்ணை. பாஸும் பக்கத்தில் இருந்துதான் முழுக்க வாசித்தார். ஊதுபத்தி விசயத்தை இரண்டு தரம் கேட்டு எழுதிக்கொண்டார். புளோவருக்கு வெட்டின சுவர் ஓட்டையை இப்போது கல் வைத்து அடைத்துக்கொண்டு இருக்கிறார்.